பனங்கட்டிப் பெட்டியின் நாலு மூலை

எங்கள் சனத்துக்கு வெறும் இடம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. யாராவது ஊருக்குப் போகிறார்கள், பயணப் பெட்டியில் ஒரு சாண் இடம் மிச்சம் என்று கேள்விப்பட்டால் போதும். ஐந்து வீட்டிலிருந்து ஐந்து பொட்டலம் கதவடியில் வந்து நிற்கும். கேட்டால், "சின்னச் சாமான்தான்" என்பார்கள். டென்மார்க்கில் இத்தனை வருடமாகக் குளிர், இருட்டு, வரி எல்லாவற்றோடும் ஒத்துப்போய்விட்டேன். இந்தச் "சின்னச் சாமான்தான்" என்ற இரண்டு சொல்லோடு மட்டும் எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்கள் வாயில் அடிக்கடி வரும் சொற்களைப் பிடித்து வைத்துக்கொள்வேன். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. டேனிஷ் மொழியை வகுப்பில் படித்ததைவிட, நான் பராமரிப்பு வேலை செய்யும் விபோர்க் முதியோர் இல்லத்தின் சமையலறையில் காதால் பொறுக்கியதுதான் கூட. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு வாசகம் இருக்கிறது. குசினிக்காரி எதற்கும் "டெ ஸ்கால் நொக் கோ" என்பாள். எப்படியும் சரிவரும் என்று அர்த்தம். பொறுப்பாளர் "வி ஸேர் பொ டெ" என்பார். பார்ப்போம் என்று அர்த்தம். அவர் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. என் வீட்டுக்காரருக்கும் ஒரு வாசகம் உண்டு: "நான் அப்பவே சொன்னனான்." எப்போது சொன்னார் என்று மட்டும் கேட்கக்கூடாது.

வியாபாரம் தொடங்கியது பின்னேர மூன்று மணிக் கோப்பி மேசையில். ஊரிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து தந்த பனங்கட்டிக் குட்டான்களில் இரண்டை வேலைக்குக் கொண்டுபோய், ஒன்றை உடைத்து மேசையில் வைத்தேன். பனையோலையில் உள்ளங்கையளவு பின்னிய சின்னப் பெட்டிதான் குட்டான். பதநீரைக் காய்ச்சி அதற்குள் ஊற்றி இறுகவிட்டால் பனங்கட்டி. என்னோடு வேலை செய்யும் டேனிஷ்காரி ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, மற்றக் குட்டானைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தாள். "இது அண்ணாவுக்கு," என்றாள்.

அவள் அண்ணன் ஓல்போர்க்கில் சின்னதாக ஒரு லக்ரிஸ் பட்டறை வைத்திருக்கிறார். லக்ரிஸ் என்பது அதிமதுர வேரின் சாற்றில் செய்யும் கறுப்பு இனிப்பு. இனிப்பு என்று சொல்வது மரியாதைக்கு. இந்தச் சனம் அதில் உப்பைப் போட்டுத் தின்னும். முதல் முறை வாயில் வைத்தபோது யாரோ என்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்றே நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் அவர் என்னை வரச்சொன்னார். போனேன். அறுபது வயதிருக்கும், முழங்கை வரை கறுப்புத் தூள். என் முன்னால் பனங்கட்டியில் ஒரு துண்டைக் கடித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு மென்றார். நானும் சுவரைப் பார்த்தேன். கடைசியில், "இக்க டோஸெட்," என்றார். அப்படியே தமிழில் சொன்னால் "விசர் இல்லை", அதாவது மோசமில்லை. ஓல்போர்க் மனிதர் ஒருவர் வாயால் இதைச் சொன்னால், எங்கள் ஊரில் மாலை போட்டு மேளம் அடித்ததற்குச் சமம்.

இனி அவர்கள் டேனிஷில் சொன்னதையெல்லாம் எனக்கு வரும் தமிழில்தான் எழுதப்போகிறேன். "முந்நூறு கிலோ வேணும்," என்றார். "இதே ஓலையோட. நத்தார்ப் பெட்டிக்கு, கிறிஸ்மஸ் இனிப்புப் பெட்டி. செப்டெம்பர் நடுவுக்குள்ள என்ர கையில இருக்கவேணும். நல்லா வந்தால் ஒவ்வொரு வருஷமும் எடுப்பன். நேரத்துக்கு வராட்டி, ஹொலண்டில ஒராள் தென்னஞ்சீனி தாறன் எண்டு நிக்கிறார்."

என்னிடம் இருந்தது இந்த ஒரே வாய்ப்புத்தான். பதநீர்க் காலம் முடிந்தால் அடுத்த காய்ச்சல் அடுத்த வருடம். வடமராட்சியில் பத்துப் பதினைந்து பெண்கள் அடுப்படியில் நின்று காய்ச்சுவதை வருடா வருடம் வாங்க ஒரு மனிதர் கிடைத்திருக்கிறார். எனக்கும், ஆட்களைத் தூக்கித் திருப்பித் தேய்ந்த முதுகோடு இன்னும் எத்தனை வருடம் ஷிப்ட் ஓடுவது என்ற கேள்விக்கு அதுதான் பதில். ஹொலண்ட்காரர் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பிறகு வெளியே போகமாட்டார். இது சின்ன நாடு. கோப்பி மேசையில் கதவு திறப்பதும் லேசு, அதே மேசையில் பேர் கெடுவதும் லேசு. ஓல்போர்க்கில் ஒரு பட்டறைக்காரருக்குச் சொன்ன சொல்லைத் தவறவிட்டால், அடுத்த கிழமை ஒடென்ஸவில் இருக்கும் பட்டறைக்காரருக்குத் தெரிந்துவிடும். இவர்களும் நாட்டுக்குள் விற்றால் காணாது என்று தெரிந்து, பன்றி இறைச்சியிலிருந்து காற்றாலை வரை கப்பலில் ஏற்றி விற்றுப் பிழைக்கிற சனம். வெளிநாட்டு வியாபாரம் இவர்களுக்குப் பழகிய வேலை. அதனால்தான் பேப்பர் விஷயத்தில் ஒரு புள்ளி விடமாட்டார்கள்.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குக் கொம்யூனில், அதாவது நகரசபையில், இலவச ஆலோசனை உண்டு என்று போனேன். இளம் ஆள், வெண்பலகையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் ஒரு சின்ன வட்டம் போட்டார். சின்ன வட்டம்தான் என் சந்தையாம். அதைச் சொல்ல முக்கால் மணித்தியாலம் எடுத்தார். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னார், அதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்: "பெட்டியில இருக்கிறது பட்டியல்ல இருக்கவேணும். பட்டியல்ல இருக்கிறது பெட்டியில இருக்கவேணும். மிச்சத்தை நான் சொல்லாட்டியும் பரவாயில்லை."

பருத்தித்துறைப் பக்கம் இருக்கும் என் மச்சாள்தான் அங்கே பொதி கட்டும் பொறுப்பு. அண்ணனின் மனைவி. அவவைப் போலப் பெட்டி கட்ட வடமராட்சியில் ஆள் இல்லை. ஒரு முறை ஒரு கைப்பையில் அம்மிக்குழவியைக்கூட அனுப்பியவ. எனக்கு அது அப்போது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

அவவுக்குக் குரல்பதிவு அனுப்பினேன். ஒன்றல்ல, நாலு. முப்பது பெட்டி, பெட்டிக்குப் பத்துக் கிலோ, வைக்கோல் கூடாது, பழைய பேப்பர் கூடாது, பட்டியலில் இல்லாத ஒரு துரும்பும் உள்ளே இருக்கக்கூடாது. மறுமொழி உடனே வந்தது.

"ஓம் மச்சாள், எனக்கென்ன விளங்காதே? நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

அவவின் "யோசிக்காதேங்கோ" வந்தால் யோசிக்கத் தொடங்க வேண்டும். அப்போது தெரியவில்லை.

கப்பல் ஓகூஸ் துறைமுகத்துக்கு ஓகஸ்ட் கடைசியில் வந்தது. நான் மூச்சு விட்டேன். இரண்டு வாரம் கையில் இருந்தது. மூன்றாம் நாள் பகல், ஒரு கிழவரின் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. உணவுச் சோதனைப் பகுதியில் இருந்து ஒரு பெண் அதிகாரி. குரல் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல இருந்தது.

"உங்கட பெட்டியளுக்குள்ள பட்டியல்ல இல்லாத சாமான் கிடக்கு."

"என்ன சாமான்?"

"அதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லவேணும். படம் அனுப்பியிருக்கிறம்."

ஓய்வறையில் போய் இருந்துகொண்டு மின்னஞ்சலைத் திறந்தேன். ஏழு பெட்டிகளில் இருந்து எடுத்த படங்கள். அளவுகோல் பக்கத்தில் வைத்து, வெள்ளைப் பின்னணியில், கொலை நடந்த இடத்தில் எடுத்ததுபோல அழகாக எடுத்திருந்தார்கள். முதல் படத்தில் ஒரு மயில்நீலச் சட்டை, மேலே குத்தியிருந்த துண்டுக் கடதாசியில் மச்சாளின் கையெழுத்து: "இஷொய் அக்காவுக்கு. இடுப்பில் இரண்டு இஞ்சி விட்டுத் தைத்தது." இரண்டாம் படம் சுருட்டிய நாட்காட்டி. மூன்றாவது வேப்பம்பூ வடகம். நாலாவது, துணியில் சுற்றி, பொலித்தீனில் சுற்றி, பிறகும் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. அது என்ன என்று தெரிய எனக்கு ஐந்தாவது படம் தேவைப்படவில்லை. கருவாடு.

அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"முதல் படத்தில இருக்கிற கடதாசி," என்றார், "அது பெறுகிற நிறுவனத்தின்ர பேரோ?"

"இல்லை. அது எங்கட அக்கா. கிட்டத்துச் சொந்தம். இஷொயில இருக்கிறா."

"அவவிட்ட இறக்குமதிப் பதிவு இருக்கோ?"

அவவிட்ட நீரிழிவுதான் இருக்கு என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். "இல்லை," என்றேன்.

"நாலாவது?"

"காய்ஞ்ச மீன்."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. கொஞ்சம் நீளமாகவே கேட்டது.

"ஒன்பதாவது படம்? அது மிளகாய்போல கிடக்கு."

ஒன்பதாவது படத்தைப் பார்த்தேன். வெளிர்மஞ்சளாய், சுருங்கி, உப்புப் பூத்து. மோர்மிளகாய். இங்கேதான் என் வாய் என்னைக் கவிழ்த்தது. மிளகாய் என்று ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால் மிளகாயாகவே போயிருக்கும். நான் மூன்று மாதமாகப் பதிவு, பட்டியல், படிவம் என்று செத்துக்கொண்டிருந்தவள். முதல் முறையாக ஒரு அரசாங்க உத்தியோகத்தர் எங்கள் சாப்பாட்டைப் பற்றி என்னிடம் கேட்கிறார். உற்சாகம் வந்துவிட்டது. பச்சைமிளகாயைக் கீறுவது, உப்புப் போட்ட மோரில் ஊறவைப்பது, பகலில் வெயிலில் காயப்போட்டுப் பின்னேரம் திரும்ப மோரில் போடுவது, ஐந்து நாள் அப்படியே செய்வது, பிறகு எண்ணெயில் பொரித்தால் சோற்றோடு எப்படி இருக்கும் என்பது வரை சொல்லிவிட்டேன்.

"மோர் எண்டால் பால்தானே?" என்றார் அந்தப் பெண், மிகவும் மரியாதையாக.

"ஓம்," என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

"அப்ப இதுவும் விலங்கில இருந்து வாற பொருள், தனி அனுமதி வேணும். மீனோட சேர்த்து ரெண்டு."

முப்பது பெட்டியும் தடுத்து வைக்கப்பட்டன. ஏற்றுமதி செய்தவரிடமிருந்து விளக்கக் கடிதம், திருத்திய பட்டியல், மிச்சப் பெட்டிகளைத் திரும்பத் திறந்து சோதனை. எவ்வளவு நாள் செல்லும் என்று கேட்டேன். "முறைப்படி வேலை நடக்கும்," என்றார். இந்த நாட்டில் இந்த வாசகத்துக்குப் பிறகு கேட்க ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மச்சாளுக்கு வீடியோவில் எடுத்தேன். அவவின் முகம் மலர்ந்தது.

"என்ன, வந்திட்டுதே? அக்காவுக்குச் சட்டை அளவே?"

"மச்சாள், நான் உங்களுக்கு என்ன சொன்னனான்? ஒரு துரும்பும் வைக்கவேண்டாம் எண்டு சொன்னனானோ இல்லையோ?"

"ஓம், சொன்னனீங்கள்."

"அப்ப ஏன் வைச்சனீங்கள்?"

"இதென்ன கேள்வி? பெட்டி சதுரம், குட்டான் வட்டம். நாலு மூலையும் வெறுமையாக் கிடக்கு. கப்பல்ல ஆடாதே? குட்டான் உடைஞ்சு வந்தால் பிறகு என்னைத்தானே பேசுவியள். வைக்கோலும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம் எண்டால் நான் மூலைக்கு எதை வைக்கிறது? மெத்தெண்டு ஏதாவது வைச்சால்தானே ஆடாது."

"கருவாடு மெத்தெண்டோ கிடக்கு?"

"அதைத் துணியாலை சுத்தித்தானே வைச்சனான்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். எரிச்சலில் எரிச்சல், ஒரு மனுஷி சொல்வதில் நியாயமும் இருக்கும்போது வருவது. ஒரு குட்டான்கூட உடைந்திருக்கவில்லை. அதிகாரியின் அறிக்கையிலேயே அது இருந்தது.

"சரி, வைச்சியள். பட்டியல்ல எழுதியிருக்கலாமே?"

"சின்னச் சாமான்தானே மச்சாள். அதையெல்லாம் எழுதினால் அவங்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பாங்கள்?"

"இப்ப என்ன நினைக்கிறாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? முப்பது பெட்டியும் நிக்குது. அந்த மனுசன் ஹொலண்டில வாங்கப்போறார். சட்டை அக்காவுக்கு, கருவாடு அக்காவுக்கு, சரி. அந்த மோர்மிளகாய் ஆருக்கு? அதை ஆர் கேட்டது?"

திரையில் அவவின் கண் என்னை விட்டு விலகி, அப்படியே வேறெங்கோ போய் வந்தது. அவவின் நல்ல குணம் அதுதான், கேட்ட உடனே திருப்பி அடிக்கமாட்டா.

"கேளுங்கோவன்," என்றா. தொலைபேசியை வைத்துவிட்டா.

ஒரு நிமிடத்தில் குரல்பதிவு ஒன்று வந்தது. என்னுடையதுதான். நாலாவது. மூன்று நிமிடம் நான் கட்டளை போடுகிறேன். வைக்கோல் கூடாது, பேப்பர் கூடாது, துரும்பும் கூடாது. கொம்யூன்காரரின் வாசகத்தை இரண்டு தரம் சொல்கிறேன். பிறகு பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். என் குரல் திடீரென்று இளகி, எனக்கே கேட்க வெட்கமாக இருந்தது: "பிறகு மச்சாள்... உங்களிட்டை மோர்மிளகாய் கிடந்தால் ஒரு பிடி. ஒரு பிடிதான். இடமிருந்தால் மட்டும்."

என் வீட்டுக்காரர் கதவு நிலையில் நின்று முழுதையும் கேட்டிருக்கிறார். "நான் அப்பவே..." என்று தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி போடுறன்," என்று உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து மெல்லிய குரல் வந்தது: "இஞ்சாரும், அந்தக் கருவாட்டையும் எரிச்சுப்போடுவாங்களோ?"

லக்ரிஸ்காரருக்குத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. சனிக்கிழமை காரில் போனோம். விபோர்க்கிலிருந்து ஹோப்ரோ வரை வீட்டுக்காரர் தன் வாசகத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஹோப்ரோவில் நான் ஒரு சத்தம் போட்டேன். அங்கிருந்து ஓல்போர்க் வரை வானொலி கேட்டோம்.

பட்டறைக்காரரிடம் ஒன்றும் மறைக்கவில்லை. மச்சாள், மூலை, சட்டை, மீன் எல்லாம் சொன்னேன். மோர்மிளகாயை நான்தான் கேட்டேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மேசையில் கிடந்த கறுப்புத் தூளில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மனிதர்களின் மௌனம் என்னைக் கொல்லும். எங்கள் ஆள் என்றால் ஒன்றில் பேசுவார், ஒன்றில் சிரிப்பார், ஒன்றில் கதவைக் காட்டுவார். இவர் ஒரு அகப்பையை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

கழுவி முடித்துத் துடைத்து வைத்துவிட்டு, "நத்தார்ப் பெட்டிக்கு ஹொலண்டுச் சீனியை எடுக்கிறன்," என்றார். "அட்டை அச்சடிக்கக் குடுக்கவேணும். பொறுக்க ஏலாது."

"என்ர சாமான் வந்தால்?"

"வி ஸேர் பொ டெ."

அந்த வாசகமா இவர் வாயிலும் வர வேண்டும்! திரும்பி வரும்போது வானொலியை வீட்டுக்காரர் தானாகவே நிறுத்திவிட்டார்.

ஒக்டோபர் நடுவில் மிச்சப் பெட்டிகளை விட்டார்கள். ஏழு பெட்டியும் முழுதாக அழிக்கப்பட்டன, மீனோடும் மோரோடும் கிடந்த பனங்கட்டியை விடமுடியாதாம். அந்த மயில்நீலச் சட்டையும் போனது. இஷொய் அக்கா தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டா.

"சட்டை என்ன செய்தது? சட்டை மாட்டில இருந்தோ வந்தது?"

"அக்கா, மீனோட ஒரே பெட்டியில கிடந்தது."

"தோய்ச்சால் மணம் போயிடுமே. நான் தோய்ச்சிருப்பனே."

இருபத்துமூன்று பெட்டியை ஓல்போர்க்கில் இறக்கினேன். அவர் ஒரு மூலையில் அடுக்கினார், மேலே ஒரு சாக்கைப் போட்டார், அவ்வளவுதான். நவம்பரில் விபோர்க் கடை ஒன்றில் அவருடைய நத்தார்ப் பெட்டி வந்திருந்தது. அட்டையில் தென்னைமரம் போட்டிருந்தது. ஒன்று வாங்கி, கார் நிறுத்தும் இடத்திலேயே பிரித்துத் தின்றேன். நன்றாக இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாவது கிடைத்திருக்கும்.

அந்த மார்கழி முழுக்க நான் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. மச்சாளோடு கதைத்தேன், ஆனால் பனங்கட்டியைப் பற்றி அல்ல. அவவும் கேட்கவில்லை. அந்தப் பெண்கள் மட்டும் அவவிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், தை பிறந்தால் பாளை சீவத் தொடங்குவார்களே, இந்த முறை எவ்வளவு காய்ச்சுவது என்று. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தை மாதம் நடுவில் லக்ரிஸ்காரர் தொலைபேசி எடுத்தார். "வா," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

போனேன். தட்டில் பத்து உருண்டை. வெளியே உப்புப் போட்ட கறுப்பு லக்ரிஸ், உள்ளே பனங்கட்டி. ஈஸ்டருக்குச் செய்து பார்த்ததாம். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். முதலில் அந்த உப்பு, வழக்கம்போல முகத்தைச் சுளிக்க வைத்தது. பிறகு அது கரைந்து, அடியிலிருந்து பனையின் புகைமணம் மெல்ல எழும்பி வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த முறை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு மென்றேன். அவரைக் காக்கவைத்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

"இக்க டோஸெட்," என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு ஒரு அட்டைத்துண்டை எடுத்து ஒரு சதுரமும் அதற்குள் வட்டமும் போட்டார். இன்னொரு ஆளும் எனக்கு வட்டம் போட்டுக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் பென்சிலால் நாலு மூலையையும் கறுப்பாக்கினார்.

"உங்கட மச்சாள் சொன்னது சரி. பிழை இஞ்சதான் கிடக்கு. அறுநூறு கிலோ வேணும், ஆனால் ஓலை வேண்டாம். சதுரக் கட்டி. நான் அச்சு அனுப்புறன், அதுக்குள்ள ஊத்தினால் பெட்டியில இடமே மிஞ்சாது."

மச்சாளுக்குச் சொன்னேன். அறுநூறு என்றதும் "முருகா" என்றா. குட்டான் இல்லை என்றதும் கொஞ்ச நேரம் முகம் வாடியது. பிறகு தலையை ஆட்டினா.

"சதுரம் எண்டால் நல்லதுதான், ஆடாது. ஆனால் மச்சாள், மேலை மூடிக்குக் கீழை ஒரு விரல் இடம்..."

"மச்சாள்!"

"சும்மா சொன்னனான்."

மாசி தொடக்கத்தில் ஓல்போர்க்கிலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. சிலிக்கோன் அச்சுத் தகடுகள், நாற்பது. தகட்டுக்குப் பன்னிரண்டு சதுரக் குழி. ஊருக்கு அனுப்பவேண்டிய பட்டியலை நான் ஏற்கனவே அடித்து வைத்திருந்தேன், ஒரே ஒரு வரி: சிலிக்கோன் அச்சு, நாற்பது. இனி என் பெயரில் போகும் பெட்டி எதுவும் இரண்டாம் வரி காணாது என்று முடிவெடுத்திருந்தேன்.

பெட்டியைத் தூக்கினேன். சிலிக்கோனுக்கு இவ்வளவு பாரம் இருக்காதே என்று பட்டது. ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. மச்சாள் கட்டிய பெட்டிதான் அப்படி ஆடாமல் இருக்கும்.

நாடாவை வெட்டித் திறந்தேன். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒவ்வொரு லக்ரிஸ் உருண்டை, வெண்கடதாசியில் சுற்றி, மிட்டாய்போல இரண்டு பக்கமும் முறுக்கி. நாற்பது தகட்டிலும். மேலே ஒரு அட்டை, பென்சிலில்: "பெண்களுக்கு."

நிலத்தில் இருந்தபடியே அவருக்கு எடுத்தேன்.

"இது என்ன?"

"எது?"

"அச்சுக்குள்ள கிடக்கிறது."

"ஓ, அதோ," என்றார். "சும்மா, சின்னச் சாமான். குழியெல்லாம் வெறுமையாக் கிடந்துது. அந்தப் பெண்கள் காய்ச்சின பனங்கட்டி என்னவாச்சு எண்டு அவையும் தின்னத்தானே வேணும்."

வெளிநாட்டுக்கு விற்றுப் பிழைக்கிற நாட்டுக்காரர், பட்டியல் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியவர். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"இதுக்குள்ள ஜெலட்டின் கிடக்கோ, அந்த மிருக எலும்புச் சாமான்?"

அந்தப் பக்கம் அகப்பை கழுவும் சத்தம் தொடங்கியது.

"கொஞ்சந்தான்," என்றார்.

அவர் அப்படிச் சொன்ன விதத்தில் எனக்கு என் நாலாவது குரல்பதிவு கேட்டது. ஒரு பிடிதான், இடமிருந்தால் மட்டும். அதனால்தான் அவரை ஏச வாய் வரவில்லை. "சரி, நீங்கள் அனுப்பினது எண்டு பெண்களுக்கு நான் சொல்லுறன்," என்று வைத்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்தேன். நானூற்றெண்பது உருண்டை. சோற்றுப்பானை நிறைந்து, குழம்புச்சட்டியும் நிறைந்தது. வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் குந்தி, ஒன்றைப் பிரித்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, பிறகு இன்னொன்றைப் பிரித்தார். கடைசித் தகடு வரை விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். வெறுமை. மூடி, பட்டியலை மேலே ஒட்டி, நாடாவைச் சுற்றத் தொடங்கினேன்.

அப்போது வீட்டுக்காரருடைய தொலைபேசி அடித்தது. கேட்டார், "ஓம் அக்கா, ஓம்" என்றார், தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இஷொய் அக்கா. உம்மட மச்சாளுக்கு ஏதோ பெட்டி போகுதாமெண்டு கேள்விப்பட்டாவாம்."

"ஆர் சொன்னது?"

"அதைச் சொல்லேல்லை. சின்னச் சாமான்தானாம்."

நாடாவை எடுத்து இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.